ஞாயிற்றுக்கிழமைத் துணி

"அப்ப எட்டு வருஷத்துல ஒருத்தர்கூட உங்ககிட்ட கேலிக்ல பேசினதே இல்லைங்கறீங்க?"

"பேசியிருக்காங்க. ஒரு நாள் வண்டியைப் பின்னால எடுத்தேன். ‘பாத்து, பாத்து’ன்னு ஒருத்தர் கேலிக்ல கத்தினார். ஒரு நாய் குறுக்க வந்திருந்தது."

"உங்ககிட்ட கத்தினாரா, நாய்கிட்டயா?"

"அதை நானும் ரொம்ப நாள் யோசிச்சுப் பாத்துட்டேன்."

ஹெக்டர் சிரிக்கவில்லை. மண்டபத்துக்கு வெளியே நின்ற வாடகைக் காரைக் காற்று தொட்டிலைப் போல ஆட்டிக்கொண்டிருந்தது. எல்ஸ்பெத் கண்ணாடி வழியே கடலைப் பார்த்தாள். இருவரும் பேசிக்கொண்டது ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில்தான். லூயிஸ் தீவின் மேற்குக் கரையில், தாய்ப்பாலோடு கேலிக் குடித்தவர்கள் வாழும் டாலபோர் என்ற அந்த ஊரில், அந்த நேரத்தில் வெளிப்படையாகக் கேலிக் பேசிக்கொண்டிருந்தவர்கள் பெர்த் நகரத்துப் பெண் ஒருத்தியும் கிளாஸ்கோவில் பிறந்து எடின்பரோவில் உத்தியோகம் பார்க்கும் ஆண் ஒருவரும் மட்டுமே.

எல்ஸ்பெத்தின் வேலை அந்த ஊரில் அந்த மொழியை உயிரோடு வைத்திருப்பது. சம்பளம் அரசாங்கத்துடையது. அந்தச் சம்பளம் தொடரலாமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்லத்தான் ஹெக்டர் கப்பலேறி வந்திருந்தார்.

பார்த்தும் விட்டார். வியாழக்கிழமைகளில் மண்டபத்தில் நடக்கும் பொதுச் சாப்பாடு எல்ஸ்பெத் தொடங்கியது. வாசலில் ‘உள்ளே கேலிக் பேசுங்கள்’ என்ற பலகையும் அவள் கையால் எழுதியதுதான். அந்தப் பலகைக்கு அடியில்தான் ஊர்க்காரர்கள் மழைக்கோட்டுகளைக் கழற்றி மாட்டுவார்கள். இன்றும் மாட்டினார்கள். உப்புப் போட்ட ஹெரிங் மீனும் அவித்த உருளைக்கிழங்கும் மேசைக்கு வந்தன. பள்ளிக்கூட பஸ் ஓட்டும் டோர்கில் எழுந்து நின்று கேலிக்கில் ஜெபம் சொன்னார். கணீரென்ற, மணி அடித்தாற்போன்ற கேலிக். ஆமென் சொன்ன அடுத்த மூச்சிலேயே திரும்பி, "உப்பை இந்தப் பக்கம் தள்ளுங்க" என்றார் ஆங்கிலத்தில். கடவுளுக்கு ஒரு மொழி, விருந்தாளிக்கு ஒரு மொழி. வெளியாள் ஒருவர் அறைக்குள் வந்துவிட்டால் கேலிக்கை மடித்து உள்ளே வைத்துவிடுவது அந்த ஊரின் மரியாதை. அந்த வெளியாளுக்கு கேலிக் தெரியுமா தெரியாதா என்பதெல்லாம் கணக்கே இல்லை. எல்ஸ்பெத் கேலிக்கில் கேட்பாள். அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள், சிரித்த முகத்தோடு, ஒரு வார்த்தை குறையாமல்.

"நான் என்ன பாத்தேனோ அதைத்தான் மேல போய்ச் சொல்ல முடியும்," என்றார் ஹெக்டர். "இந்த மண்டபத்துல கேலிக் இல்ல. வசந்தத்தோட இந்த வேலையை முடிச்சுக்கறதுதான் நியாயம். தப்பா நெனச்சுக்காதீங்க."

அவள் பெர்த்தில் இருந்த வீட்டை விற்று இங்கே ஒரு பழைய கல்வீட்டை வாங்கியிருந்தாள். வேலை போனால் வீடும் போகும், தீவும் போகும். அதுகூடப் பெரிதில்லை. கல்லூரியில் முதன்முதலாக இந்த மொழியைக் காதில் கேட்ட நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். இந்த மொழி பேசும் ஒரு கூட்டத்தின் நடுவில், யாரும் திரும்பிப் பார்க்காத ஒருத்தியாக உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்காகத்தான் எட்டு வருஷம்.

"நாம உள்ள இருந்ததாலதான் இல்ல," என்றாள் எல்ஸ்பெத். "நாம போயிட்டா இருக்கும்."

"போயிட்டா நான் எப்படிக் கேக்கறது?"

"போன மாதிரி போயிட்டு, பின்பக்கமா வரலாம்."

ஹெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அரசாங்க ஆளுக்குள் இருந்த கிளாஸ்கோ தெருப் பையன் மெல்லக் கண் சிமிட்டினான். "கப்பலுக்கு நேரம் இருக்கு," என்றார்.

ஹார்ன் அடித்து, கை ஆட்டி, கப்பல்துறை இருக்கும் ஸ்டோர்னவேக்குப் போகும் சாலையில் ஏறினார்கள். மேட்டைத் தாண்டியதும் விளக்கை அணைத்து, அடுப்பெரிக்கும் கரிமண் வெட்டப் போகும் வண்டிப்பாதையில் திரும்பி, மண்டபத்தின் பின்புறம் வந்து நின்றார்கள். அங்கே ஒரு சாமான் அறை. உடைந்த நாற்காலிகள், கிறிஸ்துமஸ் விளக்குகள், ஊருக்குப் பொதுவான சவப்பெட்டி சுமக்கும் மரச்சட்டம். அறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு காலத்தில் பரிமாறும் சன்னல் இருந்தது. இப்போது பலகை அடித்து மூடியிருந்தார்கள். பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி. உட்கார வேறு இடம் இல்லாததால் அரசாங்கத்தின் ஆட்கள் இருவரும் பிணம் தூக்கும் சட்டத்தின்மேல் அக்கம்பக்கமாக உட்கார்ந்தார்கள்.

"போயாச்சா?" அந்தப் பக்கம் ஒரு பெண்குரல். கேலிக்கில்.

"மேடு தாண்டியாச்சு. லைட்டக் காணோம்."

"அப்பாடா! இந்த இங்கிலீஷப் பேசிப் பேசித் தாடை கழண்டு போச்சுடா சாமி."

மண்டபம் வாயைத் திறந்தது. எல்ஸ்பெத்துக்கு வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மீன் படகு கரைக்கு வந்ததும் கடற்பறவைகள் எழுப்புமே ஒரு சத்தம், அதைப்போல எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாருடைய கிடா யாருடைய வேலியைத் தாண்டியது, போதகரின் இருமல் உண்மையா நடிப்பா, செத்துப்போன ஒருவர் இன்னொரு செத்துப்போனவருக்கு என்ன பதில் சொன்னார். அந்தப் பெண்குரல் முர்டினாவுடையது என்பது அவளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. முர்டினா அடுத்த வீட்டுக்காரி. ஆங்கிலத்தில் அவள் மெதுவான, கொஞ்சம் மந்தமான, நல்ல பெண்மணி. வானிலையைப் பற்றி மட்டுமே பேசுவாள். இந்த முர்டினாவோ கத்தி மாதிரி இருந்தாள்.

"அவன் மீனைத் தின்னதப் பாத்தீங்களாடி? முள்ளுக்கரண்டியால குத்துறான், மறுபடி குத்துறான்! உயிரோட இருந்து ஓடிரும்னு நெனச்சானோ என்னமோ."

"கையில எடுத்துத் தின்னா சர்க்காரு உத்தியோகம் போயிரும்ல," என்றாள் ஷோனக். அவள்தான் கூட்டத்தில் மூத்தவள், பல்லும் கம்மி, பயமும் கம்மி. "அவன் யாருன்னு தெரியலையா உங்களுக்கு? மூக்கப் பாரு. ‘ஓட்டை வாளி’ மகன்டி அவன்! கிளாஸ்கோவுக்குக் கப்பல் கட்டப் போனானே, ஒரு ரகசியம் வயித்துல தங்காதே அவனுக்கு, அவன் மகன்."

மண்டபம் சிரித்தது. ஹெக்டர் எல்ஸ்பெத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகம் விளக்கேற்றியதுபோல் இருந்தது. "எங்கப்பா," என்று கிசுகிசுத்தார். "எங்கப்பாவோட பட்டப்பேரு! எங்க வீட்டுல யாரும் எங்கிட்டச் சொன்னதே இல்ல."

சொல்லமாட்டார்கள். ஊரில் பாதிப் பேருக்குக் குடும்பப்பெயர் மக்லாட், மீதிப் பேருக்கு மாரிசன். பட்டப்பெயர் இல்லாவிட்டால் யாரை யார் என்று கண்டுபிடிப்பது? ஆனால் எவருடைய பட்டப்பெயரையும் அவர் முகத்துக்கு நேரே சொல்லக்கூடாது. சிலர் தங்கள் பட்டப்பெயர் தெரியாமலேயே வாழ்ந்து செத்தும் போயிருக்கிறார்கள். எல்ஸ்பெத் அங்கும் இங்கும் காதில் விழுந்ததைச் சேர்த்து வைத்திருந்தாள். டோர்கில் ‘அட்மிரல்’, தண்ணீரைக் கண்டால் பயப்படுபவர். ஷோனக் ‘பாராளுமன்றம்’. முர்டினா ‘குயில்’, அது ஏன் என்று தெரியவில்லை. தனக்கு ஒன்று இருக்குமா என்று இரவுகளில் நினைத்துக்கொள்வாள். இருக்காது என்று தூங்கிப்போவாள். ஊரைச் சேர்ந்தவர்களுக்குத்தானே பட்டப்பெயர்.

"நம்ம ஞாயித்துத் துணியும் அவனோடவே போயிட்டாளா?" என்று ஒருவர் கேட்டார்.

"கப்பல்துறை வரைக்கும் போய் டாட்டா காட்டிட்டு வருவா."

"பாவம்டி ஞாயித்துத் துணி. இன்னிக்கு மூஞ்சி மூணு முழத்துக்குத் தொங்கிருச்சு."

யார் இந்த ஞாயிற்றுத் துணி? எல்ஸ்பெத் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. கீழ்த்தெரு ஜோவான் காரில் போனாளோ? பலகை இடைவெளியில் கண்ணை வைத்துப் பார்த்தாள். ஜோவான் அங்கேயே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"போனவங்க போகட்டும், இருக்கற டோர்கில் பாடட்டும்!" முர்டினா மேசையைத் தட்டினாள். "ஏய் டோர்கில், அந்தப் பாட்டப் பாடுடா. புதுசாக் கட்டின கடைசி அடியோட."

"வேணாம், இப்பத்தான் ஜெபம் சொன்ன வாயி."

"ஜெபம் சொன்ன வாயில உருளைக்கிழங்கு போகலாமாம், பாட்டு வரக்கூடாதாம். பாடுடா!"

டோர்கில் தொண்டையைச் செருமினார். அவர் பைபிள் சங்கீதத்தின் முதல் வரியை எடுத்துக்கொடுத்தால் தேவாலயமே பின்தொடரும். அதே குரலில், அதே பக்தியோடு, கண்ணை மூடிப் பாடினார்.

*கவர்மெண்டு கப்பலேத்தி அனுப்பி வெச்ச சீமாட்டி*
*காலையிலே எந்திரிச்சா கர்த்தரோட நாளிலே*
*வெள்ளை வெள்ளைத் துணியெடுத்து வெயிலுக்குக் கொடியேத்தி*
*வேதம் கேக்கப் போனவங்க வேறெதையோ பாத்தாங்க!*

*போதகரு கண்ணை மூட, பெரியவரு தலை குனிய,*
*பொல்லாத காத்துக்குத்தான் வெக்கமில்ல, மானமில்ல —*
*உள்பாவாடை ஊதி ஊதி உருண்டையாக்கி ஆடவெச்சு*
*ஊருக்கெல்லாம் காட்டுதடி, கவர்மெண்டு உபகாரம்!*

எல்ஸ்பெத்தின் கண் இடைவெளியிலேயே நின்றது.

அது அவள் இந்த ஊரில் கழித்த முதல் ஞாயிறு. பத்து நாள் மழைக்குப் பிறகு வெயில் அடித்தது. உலகமே கழுவிக் காயவைத்ததுபோல் இருந்த அந்தக் காலையில், ஓய்வுநாள் என்று பூங்கா ஊஞ்சலைக்கூடச் சங்கிலி போட்டுப் பூட்டிவைக்கும் ஊரில், அவள் பாடிக்கொண்டே துணி காயப்போட்டாள். தேவாலயத்துக்குப் போகும் சாலை அவள் வீட்டை ஒட்டித்தான் போகிறது. கறுப்புக் கோட்டுகளும் கறுப்புத் தொப்பிகளும் வரிசையாகக் கடந்துபோயின. எல்லோரும் தலையசைத்து, "நல்ல நாள்" என்றார்கள். மறுநாள் முர்டினா சுடச்சுட ஸ்கோன் ரொட்டி கொண்டுவந்து கொடுத்து மழை வரும் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை துணி போடக்கூடாது என்பது எல்ஸ்பெத்துக்கு அந்த மாதமே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒருநாளும் போட்டதில்லை. நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தாள். மன்னித்துவிட்டார்கள் என்றுகூட நினைத்திருந்தாள்.

*செத்த மொழிக்கு மருந்து தரச் சீமையிலே படிச்சவளே,*
*நீ வர்ற வரைக்கும் நாங்க நல்லாத்தானே பேசிக்கிட்டோம்!*
*வாசலிலே நீ நின்னா வாயெல்லாம் பூட்டிக்குது —*
*வைத்தியமோ வைத்தியம்டி, வந்த நோயே உன் வைத்தியம்!*

கூட்டம் மேசையை அறைந்தது. ஷோனக் சிரித்துச் சிரித்து இருமினாள். "புது அடி, புது அடி!" என்று கத்தினாள் முர்டினா. "அது நான் கொடுத்த சரக்கு. என் பங்கை மறந்துறாதீங்க!"

*வெள்ளிக்கிழமை வந்த மாப்பிள்ளை திங்கக்கிழமை கப்பலேற,*
*மோதிரத்தைக் கழட்டி அவ முனைப்பாறைத் தண்ணியிலே போட்டா —*
*மீனு வந்து மோந்து பாத்து "வேணாந்தாயி"ன்னு போயிருச்சு;*
*ஞாயித்துத் துணியே, ஞாயித்துத் துணியே, ஈரம் இன்னும் காயலையே!*

அவளை மணக்க இருந்தவன் விட்டுப்போன அன்று முனைப்பாறையில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி எல்ஸ்பெத். இன்னொருத்தி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "போகட்டும் கண்ணு, போகட்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்த முர்டினா.

சாமான் அறையில் ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. ஹெக்டர் தன் கைப்பேசியைப் பலகை இடைவெளிக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் தண்ணீர். "கேட்டீங்களா?" என்று மூச்சாலேயே கேட்டார். "பழசு இல்ல, புதுசு! ஊர் கூடிக் கட்டின நையாண்டிப் பாட்டு. இதெல்லாம் ஒழிஞ்சுபோச்சுன்னு எங்க ஆபீசுல எல்லாரும் சத்தியம் பண்றாங்க. யார் அந்தப் பொண்ணு?"

"எனக்கு முன்னாடி இருந்த ஆபீசர்," என்றாள் எல்ஸ்பெத்.

"பாவம்," என்றார் ஹெக்டர். "ஆனா என்ன பாட்டு!"

*

கப்பல்துறைக்குப் போகும் வழி முழுக்க அவர் பேசிக்கொண்டே வந்தார். வேலை தொடரும், அதைப்பற்றி இனிக் கவலையே வேண்டாம். ஒன்றே ஒன்றுதான். பாட்டு அலுவலகத்துக்கு வேண்டும். ஒளிந்திருந்து பதிவு செய்ததை வெளியே காட்ட முடியாது. நாற்காலி இழுக்கும் சத்தம்தான் அதில் பாதி. எல்ஸ்பெத் நேரில் போய், கட்டியவரின் சம்மதத்தோடு, வார்த்தைகளை வாங்கி அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை கூட்டம். அதற்குள் வந்துவிட்டால், இந்த ஊரில் மொழி உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

"வராட்டி?"

"வராட்டி, எங்கிட்ட என்ன இருக்கு சொல்லுங்க? உப்பைத் தள்ளுங்கன்னு இங்கிலீஷ்ல சொன்னது இருக்கு."

துறைமுகத்தில் கப்பலின் வாய் திறந்திருந்தது. கார்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. ஹெக்டர் கையுறையைப் போட்டுக்கொண்டே, ஏதோ மறந்துபோனது நினைவுக்கு வந்தவர்போலத் திரும்பினார்.

"செவ்வாக்கிழமை பள்ளிக்கூடத்துல நீங்கதானே பிள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கறீங்க?"

"ஆமா."

"இதையும் சொல்லிக்கொடுங்க. அக்டோபர் விழாவுல மேடையேத்தலாம். பிள்ளைங்க சத்தமாப் பாடினா அந்தக் கடைசி அடி எப்படி இருக்கும்! நல்லவேளை, பாட்டுல ஆளோட பேர் இல்ல." கையுறையின் கடைசி விரலை இழுத்துவிட்டார். "எல்ஸ்பெத், உங்களுக்கு முன்னாடி இங்க ஆபீசர் யாரும் இல்லையே. இந்த வேலைக்கு முதல் ஆளே நீங்கதான்."

காற்று அவள் தொப்பியைத் தூக்கப் பார்த்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே?" என்று அவர் கேட்டார். மிகவும் பிரியமாகத்தான் கேட்டார்.

"இல்ல," என்றாள்.

"நெனச்சேன். நீங்க மொழிக்காக வந்தவங்க." அவர் கையைக் குலுக்கினார். "ஓட்டை வாளி மகன்! கேட்டீங்கல்ல? எங்கம்மாவுக்கு இன்னிக்கே போன் பண்ணிச் சொல்லப்போறேன்."

*

வெள்ளிக்கிழமை காலை முர்டினா ஸ்கோனோடு வந்தாள். காற்று குறையும் என்றாள், ஆனால் உடனே குறையாது என்றாள். வெண்ணெய் கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்றாள். எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாம் மெதுவாக. எல்ஸ்பெத் அவள் வாயையே பார்த்தாள். அந்தக் கத்தி எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

"முர்டினா," என்றாள் கேலிக்கில், "முனைப்பாறைக்கு நாம போனது ஞாபகம் இருக்கா?"

"முனைப்பாறையா? அங்க போகாதீங்க கண்ணு," என்றாள் முர்டினா ஆங்கிலத்தில். "இந்தக் காத்துக்கு வழுக்கும்." தட்டின்மேல் துணியை ஒழுங்காக மூடிவிட்டு, வழியில் எல்ஸ்பெத்தின் வெறும் கொடிக்கயிற்றைக் குனிந்து கடந்து, தன் வீட்டுக்குப் போனாள். அவள் வீட்டுக் கதவு மூடியதும் உள்ளேயிருந்து சிரிப்பு கேட்டதுபோல் இருந்தது. வானொலியாகவும் இருக்கலாம்.

சனிக்கிழமை மதியம் எல்ஸ்பெத் டோர்கிலின் கதவைத் தட்டினாள்.

"வாங்க வாங்க, என்ன காத்து, என்ன காத்து! உள்ள வாங்க," என்றார் அவர் ஆங்கிலத்தில். மேசைமேல் ஒரு வாளித் தண்ணீர், ஒரு குவியல் உருளைக்கிழங்கு. நாளைக்கு ஞாயிறு, நாளைக்கு வேண்டிய கரி, தண்ணீர், கிழங்கு எல்லாம் இன்றே வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தேநீர் ஊற்றினார். ஓட்ஸ் ரொட்டிமேல் பாலாடைக்கட்டியைத் தாராளமாக வைத்து நீட்டினார். பிறகு மறுபடியும் கிழங்கைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"உங்க பாட்டு ஒண்ணு வேணும்," என்றாள் அவள், கேலிக்கில்.

"பாட்டா?" ஆங்கிலம். "எங்ககிட்ட ஏதும்மா பாட்டு? அதெல்லாம் பழைய ஆளுங்களோட போச்சு. வேணும்னா சங்கீதம் சொல்றேன்."

"ஞாயித்துத் துணிப் பாட்டு."

தோல் அறுபடாமல் சுருண்டு சுருண்டு இறங்கிக்கொண்டிருந்தது. அது நிற்கவில்லை. "அப்படி ஒரு பாட்டு நான் கேட்டதில்லையே," என்றார். "நீங்க தப்பாக் கேட்டிருப்பீங்க. எங்க பேச்சு கொஞ்சம் வேகம், உங்களுக்குக் கஷ்டம்."

அவர் பொய் சொல்வது ஒளித்துக்கொள்ள அல்ல. வீட்டுக்கு வந்த விருந்தாளியை முகத்துக்கு நேரே அவமதிக்கக் கூடாது, அதனால்தான். அவர் ஒப்புக்கொள்ளாதவரை அவமானம் நடக்கவே இல்லை. அவள் எழுந்து, நன்றி சொல்லி, வீட்டுக்குப் போகலாம். வசந்தத்தில் ஸ்டோர்னவேயில் எல்லோரும் கை ஆட்டுவார்கள். முர்டினா அழக்கூட அழுவாள். பாட்டில் ஒரு புது அடி சேரும்.

எல்ஸ்பெத் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பாடத் தொடங்கினாள்.

நல்ல குரல் இல்லை அவளுக்கு. ஆனால் ஒரு தடவை கேட்டது போதுமாக இருந்தது. இரண்டு இரவும் அது அவளைத் தூங்கவிடவில்லை. கவர்மெண்டு சீமாட்டியைப் பாடினாள். போதகர் கண்ணை மூடியதைப் பாடினாள். டோர்கில் தலையைத் தூக்கவில்லை. தோல் நீளமாகிக்கொண்டே போனது. மூன்றாவதாக அவள் மோதிர அடியை எடுத்தாள். அது வந்து முடிந்துவிட்டால் போதும் என்று அவசரம் அவளுக்கு. ‘ஈரம் இன்னும் காயலையே’ என்ற இடத்தில் குரல் உடைந்தது. அதை விழுங்கிக்கொண்டு, ‘செத்த மொழிக்கு மருந்து தர’ என்று அடுத்ததற்குப் போனாள்.

"இல்ல," என்றார் டோர்கில்.

கத்தி நின்றிருந்தது. தோல் அறுந்து வாளிக்குள் விழுந்தது.

"மோதிரம்தான் கடைசி," என்றார் அவர். ஆங்கிலத்தில்தான். பள்ளி பஸ்ஸில் ஒரு பிள்ளை தவறான இருக்கையில் உட்கார்ந்துவிட்டால் சொல்வாரே, அந்தப் பொறுமையோடு. "மருந்து முன்னாடி வரணும், மோதிரம் பின்னாடி வரணும். குழியை மூடினப்புறம் யாராவது பேசிக்கிட்டு நிப்பாங்களா?"

அவருக்கே தான் சொன்னது கேட்டது. காது மடல்கள் மெல்லச் சிவந்தன. 

"அரசாங்கத்துக்கு அது வேணுமாம்," என்றாள் எல்ஸ்பெத். "பிள்ளைங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கணுமாம். கொடுத்தா நான் இங்கயே இருப்பேன். கொடுக்காட்டி போயிருவேன்."

அவர் அந்தக் கிழங்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு முளைக்கண் பாக்கி இருந்தது. கத்தி முனையால் அதைக் குடைந்து எடுத்தார்.

"எடுத்துக்கோங்க," என்றார் கடைசியில். "நீங்க போயிட்டா நாங்க யாரைப் பாடறது?" சிரித்தார். அது கேலியா கருணையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் அவர்கள் சிரிப்பு எப்போதுமே ஒரே மாதிரிதான். "ஆனா என் பேரைப் போடாதீங்க. முர்டினா பேரையும் வேணாம். ஊர்ப் பாட்டுன்னு போட்டுக்கோங்க. இன்னொரு ரொட்டி சாப்பிடறீங்களா?"

முடிந்தது. வேலை கிடைத்துவிட்டது, வீடு கிடைத்துவிட்டது, கடலும் காற்றும் கிடைத்துவிட்டன. வருகிற செவ்வாய்க்கிழமையிலிருந்து கன்னம் சிவந்த சின்னப் பிள்ளைகள் வாயைப் பெரிதாகத் திறந்து அவள் உள்பாவாடையைப் பாடுவார்கள். வேகம் போதாது, இன்னும் தெளிவாக என்று அவளே கையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுப்பாள். எட்டு வருஷமாக இல்லாத ஒரு விஷயம் இந்த ஊரில் புதிதாகப் பிறந்திருக்கிறது. அதற்கு அவள்தான் தாய், அவள்தான் பிணமும். அவள் எழுந்து மழைக்கோட்டை மாட்டினாள். பொத்தான்களைக் கழுத்து வரைக்கும் போட்டாள். கதவு வரை போனாள்.

"பத்திரமாப் போங்க, மிஸ் குத்ரி," என்றார் டோர்கில் பின்னாலிருந்து. "வாசப்படி ஈரமா இருக்கு."

அவள் திரும்பினாள். அவர் நனைந்த கையோடு மேசைக்குப் பின்னால் நின்றிருந்தார். மரியாதையாக, ஒரு விருந்தாளி வெளியே போகும்வரை நிற்கிறவர் நிற்பதுபோல.

"டோர்கில்," என்றாள் அவள், தன்னிடம் இருந்த மிகச் சுத்தமான கேலிக்கில். "வீட்டுல இப்ப யாரும் இல்ல. யாருக்கும் கேக்காது. நானும் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். மண்டபத்துல கூப்பிட்டீங்களே, அந்தப் பேரச் சொல்லி, உங்க மொழியில, என் மூஞ்சியப் பாத்து, ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிடுங்க."